சோத்தாங்கைப் பக்கம்

இருட்டறைக்காரியைத் துரத்திவிட்டார்களாம். யார் சொன்னது, மாடிவீட்டுக்காரிதானே? அவள் வாயில் வந்தால் அச்சில் வந்த மாதிரி. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு அவள் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"பைத்தியம் முத்திப்போய்ப் பெரிய டாக்டரையே கிளாஸ்ல வச்சுத் திட்டினாளாம். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்களாம்."

"எந்தக் கையால தள்ளினாங்க? நீ பார்த்தியா?" என்று கேட்டேன்.

"தெருவே சொல்லுதுக்கா."

"தெருவுக்கு வாய்தான் இருக்கு. கண்ணு என்கிட்ட இருக்கு. நான் அங்க நின்னேன்."

அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "உங்களுக்கு எப்படிக்கா மனசு வருது? பெத்த பிள்ளையைக் கொன்னவளுக்குப் பரிஞ்சு பேச?" என்றாள்.

குடம் நிரம்பி வழிந்தது. நான் நகரவில்லை. பரிந்து பேசுவேன். என் மகனைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் பேசுவேன். மாடிவீட்டுக்காரிக்கு அன்று பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு இருட்டறைக்காரியுடையது. புருஷன் தையல்காரர். முன்னறையில் மெஷின், பின்னறையில் குடித்தனம். அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவுகிற வேலை. சன்னல் இல்லாத அறை, ஒரே ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தொட்டி. முதல் தொட்டியில் முக்கினால் படம் எழும்பும், இரண்டாவதில் நிலைக்கும், மூன்றாவது வெறும் தண்ணீர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் விரலில் புளித்த வாடை போகாது. அதனால் தெருவில் அவளுக்கு இருட்டறைக்காரி என்று பெயர். கோபித்துக்கொள்ள மாட்டாள். "வெளிச்சத்துல இருந்து நீங்க என்ன கண்டுட்டீங்க?" என்று சிரிப்பாள்.

படம் எடுக்கும்போது ஃபிலிம் பெட்டியின் ஓரத்தில் ஓர் ஈய எழுத்தை ஒட்ட வேண்டும். இது வலது பக்கம் என்று படத்திலேயே பதியும். படம் பிடிக்கிறவர் அந்த வேலையை இவளிடம் விட்டுவிட்டார். இங்கிலீஷ் எழுத்து அவள் படித்ததில்லை. அந்த 'ஆர்' எழுத்துக்கு அவள் வைத்த பெயர், காலை நீட்டி நிற்கிறவள். இடப்பக்கத்துக்கு உள்ள 'எல்' எழுத்து, தச்சர் கருவி மாதிரி இருப்பதால், மூலைமட்டம். இரண்டும் அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் மாதிரி.

நோயாளியிடம் வலது கை எது என்று கேட்டால் பயத்தில் குழம்புவான். படித்தவனும் குழம்புவான். அதனால் அவள் அப்படிக் கேட்பதில்லை. "சோறு திங்கிற கையைத் தூக்குங்க" என்பாள். கை தானாக எழும். எழும் பக்கத்தில் காலை நீட்டி நிற்கிறவளை ஒட்டுவாள். சோத்தாங்கைப் பக்கம் வலது. பதினோரு வருஷம் இப்படித்தான், ஒரு நாளும் பிசகவில்லை.

என் மகன் தச்சன். முதுகின் இடப்பக்கம் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். படம் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட ஒரு கல். அந்தச் சிறுநீரகம் முழுக்கச் சீழ்பிடித்துவிட்டது, எடுத்துவிட வேண்டும், வலது நன்றாக இருக்கிறது, ஒன்று போதும், பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அறுத்து எடுத்தவர் பெரிய டாக்டர். நர்ஸுகள் அவருக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்தவர் ஒரு மணி நேரம் எடுக்கும் வேலையை அரை மணியில் முடிப்பார். அதில் அவருக்கு அத்தனை பெருமை. என் மகனையும் அரை மணியில் முடித்தார்.

எடுத்தது நல்லதை.

மறுநாள் ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. பிறகு பதினான்கு மாதம் அவனை மிஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைக் கழுவினார்கள். உளி பிடித்த கை கடைசியில் தண்ணீர் தம்ளரைப் பிடிக்கவில்லை. அதற்குமேல் அதைச் சொல்ல எனக்கு வராது.

அவன் போன பிறகுதான் விசாரணை வைத்தார்கள். விசாரித்த மூன்று பேரும் அவருடைய கூட்டாளிகள்தான். நான் படத்தின் எழுத்தைப் பார்த்துத்தான் அறுத்தேன், எழுத்தைத் தப்பான பக்கத்தில் ஒட்டியது இருட்டறை உதவியாள் என்றார் மின்னல். படம் எங்கே என்றால், தொலைந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டார்கள். எப்படி எழுத்து ஒட்டுவாய் என்று கேட்டார்கள். அவளுக்குச் சூது தெரியாது. சோறு திங்கிற கையைத் தூக்கச் சொல்லி ஒட்டுவேன் என்று உள்ளதைச் சொன்னாள்.

மின்னல் சிரித்தாராம். "அந்த நோயாளி இடதுகைக்காரர். பட்டறையில யாரை வேணும்னாலும் கேளுங்க. சுத்தியல், ரம்பம் எல்லாம் இடதுலதான். இந்தம்மா சொன்னதும் அவர் இடது கையைத் தூக்கியிருப்பார். இந்தம்மா அதை வலதுன்னு ஒட்டியிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

அத்தோடு கதை முடிந்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அவள் கோர்ட்டுக்குப் போவாள், படத்தைத் தேட வேண்டிவரும். கையில் துடைப்பத்தைக் கொடுத்து, ஆஸ்பத்திரியை ஒட்டிய மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினார்கள்.

தெரு விடுமா? அவள் நடந்தால் பின்னாலிருந்து ஒருவன் கேட்பான், "அக்கா, இதுல சோத்தாங்கை எது?" தையல்காரருக்குத் துணி வருவது நின்றது. "அவர் தைச்ச சட்டையா? பொத்தான் முதுகுல இருக்கும், பார்த்துப் போடு" என்று மாடிவீட்டுக்காரிதான் முதலில் சொன்னாள். நல்ல கேலிதான். நானும் அன்று சிரித்தேன். சிரித்தது மட்டுமா? விசாரணை முடிந்த அன்று அவள் வாசலில் நின்று, நீ விளங்கமாட்டாய், உன் கை அழுகிப்போகும் என்று கத்தினேன். அவள் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் வீட்டுக்குள் வந்தாள். உட்காரவில்லை. "பெரியம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். உங்க மகன் எந்தக் கையால சாப்பிடுவார்?"

"வலது கையாலதான். ஏன்?"

"இடதுகைக்காரர்னு சொன்னாங்களே."

"வேலைக்குத்தான் இடது. இடது கையைத் தட்டுல வச்சா நான் அடிப்பேன். அடிச்சு அடிச்சு சோத்துக்கு மட்டும் வலதுன்னு பழக்கினேன். சாகுற வரைக்கும் அப்படித்தான் தின்னான்."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சோறு திங்கிற கை என்று கேட்டால் அவன் வலதைத்தான் தூக்கியிருப்பான். எழுத்து சரியான பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அங்கே ஒருத்தரும் பெற்றவளைக் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அரை வருஷமாக அவளுக்கே தன் மேல் சந்தேகம் இருந்திருக்கிறது, பாவி மகளுக்கு.

"வா, இப்பவே போய்ச் சொல்லுவோம்" என்று எழுந்தேன்.

"யார்கிட்ட? அந்த மூணு பேர்கிட்டயா? பெத்தவ புலம்புறான்னு தண்ணி குடுத்து அனுப்பிடுவாங்க."

"பின்ன என்னதான்டி செய்யப்போற?"

"படத்தைத் திருப்பி மாட்டித்தான் பார்த்திருக்கார், பெரியம்மா. ஃபிலிம் ரெண்டு பக்கமும் தெரியும். திருப்பி மாட்டினா இடது வலதாயிடும், எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி கோணலா நிக்கும். அவசரத்துல அதைக்கூடப் பார்க்கல. அதை அவர் வாயால சொல்லணும். நாலு பேர் முன்னால. அதுவரைக்கும் நான் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன்."

அன்றிலிருந்து எனக்கும் அது ஒன்றுதான் ஆசை. மன்னிப்பு, மறதி எல்லாம் எனக்கு வராது. வயதாகிவிட்டால் மனசு பழுத்துவிடும் என்பார்கள். என் மனசு காயாகவே இருக்கிறது.

முதலில் அவளை உடற்கூறியலில் போட்டார்கள். பிணத்தை மருந்தில் ஊறவைத்துப் பிள்ளைகள் அறுத்துப் படிக்கிற கூடம். பயந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தார்கள். அவளா? மேசையைக் கழுவிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள். சாயங்காலம் வந்து என் எதிரே உட்கார்ந்து சொல்லுவாள்.

"அங்க ஒரே கேள்விதான், பெரியம்மா. எது எங்க இருக்கு. ஈரல் சோத்தாங்கைப் பக்கம், விலாவுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு. இரைப்பை பீச்சாங்கைப் பக்கம், மேல கொஞ்சம் காத்து நிக்கும். எக்ஸ்ரேல அந்தக் காத்து கறுப்புக் குமிழியாத் தெரியும். நான் ஆயிரம் படத்துல கழுவியிருக்கேன், இன்னதுன்னு தெரியாம."

"அப்போ எழுத்தே வேண்டாமா?"

"வேண்டாம். உடம்பே சொல்லுது, இது எந்தப் பக்கம்னு. பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான் மாறியிருக்குமாம்."

அந்தத் துறைக்குத் தலைவி ஒரு அம்மாள். வெடுக்கென்று பேசுகிறவள். ஆனால் இவள் கேட்டால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பதில் சொல்லுவாளாம். இரண்டு வருஷம் அங்கே. பிறகு மாற்றம். உடலியங்கியல். அங்கே கேள்வி வேறு, அது எப்படி ஓடுகிறது. நெஞ்சு ஏன் துடிக்கிறது, மூச்சு எப்படி உள்ளே போகிறது, சிறுநீரகம் எப்படி ரத்தத்தை வடிகட்டுகிறது. அதைச் சொன்ன அன்று நான் எழுந்து போய்விட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டு முழுசாகச் சொல்லச் சொன்னேன். எதைப் பறித்தார்கள் என்று தெரிய வேண்டாமா?

மூன்றாவதாக நோய்க்குறியியல். எப்படிக் கெட்டது என்று பார்க்கிற துறை. அறுத்து எடுத்ததையெல்லாம் அங்கேதான் அனுப்புவார்களாம். மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதுவார்கள். அலமாரி அலமாரியாகக் கண்ணாடிச் சாடிகள். ஒரு வருஷம் கழித்துத்தான் என்னிடம் வாயைத் திறந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. மூணாவது தட்டுல ஒரு சாடி இருக்கு. நோய் எதுவும் இல்லைன்னு ஒட்டியிருக்கிறதைப் பிள்ளைங்க படிச்சாங்க. தேதி அந்த ஆபரேஷன் தேதிதான்."

என் பிள்ளையின் நல்ல சிறுநீரகத்தை மாதிரிக்கு என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லது எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட. அவள் அதைத் தினமும் துடைத்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். அவரைவிதை மாதிரி வழவழவென்று இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அப்புறம் பேசியதே இல்லை.

நுண்ணுயிரியலில் கெடுத்தது யார் என்று பிடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சியைத் தட்டில் வளர்த்து, அடையாளம் கண்டு, எந்த மருந்துக்குச் சாகிறான் பார் என்பார்கள். மருந்தியலில் எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை, கூடினால் என்ன செய்யும் என்ற கணக்கு. ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்டேன்.

"இத்தனை பேரைச் சொல்றியே, வைத்தியம் பார்க்கிற டாக்டர் எங்கடி?"

"அவர் இன்னும் வரல, பெரியம்மா. இதெல்லாம் அடுப்படி. அவர் பரிமாறுறவர். அடுப்படியில என்ன வேகுதுன்னு தெரியாமப் பரிமாறினா மின்னல் மாதிரிதான்."

பிறகு நோயாளிகள் இருக்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள். பொது மருத்துவத்தில் கத்தியே இல்லாமல் கேட்டு, தட்டி, யோசித்துக் கண்டுபிடிப்பார்கள். "ஒரு கட்டில்கிட்ட முக்கால் மணி நேரம் நிக்கிறாங்க, எனக்குக் கால் வலிக்குது" என்பாள். குழந்தைகள் பிரிவில், குழந்தை என்பது சின்ன அளவுப் பெரியவர் இல்லை, அதற்கு வேறு கணக்கு என்பாள். பிரசவப் பகுதிக்குப் போன மாதம் முழுக்க அவள் முகம் தெளிந்திருந்தது. எலும்புப் பிரிவுக்கு ஒரு நாள் என்னைக் கூட்டிப்போனாள். ரம்பம், சுத்தியல், திருகாணி, துளைபோடும் கருவி. என் மகனின் பட்டறையைக் கழுவி அடுக்கி வைத்தது போல இருந்தது. நான் சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன். மனநலப் பிரிவு எக்ஸ்ரேயில் விழாத வலிக்காம். அந்த வலி எனக்கும் இருந்தது, ஆனால் அதற்கு நான் மருந்து கேட்கவில்லை. அதுதான் என்னைக் காலையில் எழுப்பிக்கொண்டிருந்தது.

சமூக மருத்துவம் என்று ஒன்று இருக்கிறதாம், ஒருத்தனுக்கு இல்லை, தெருவுக்கே வைத்தியம். தண்ணீர், சாக்கடை, தடுப்பூசி என்று பார்ப்பது.

"நம்ம தெரு வாய்க்கு என்ன மருந்துன்னு கேட்டுட்டு வா" என்றேன்.

"கேட்டேன் பெரியம்மா. இன்னும் கண்டுபிடிக்கலையாம்."

அவளுக்கு மிகவும் பிடித்தது சட்ட மருத்துவம். செத்தவர்கள் சாட்சி சொல்கிற இடம். காயத்தைப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து, எந்தக் கையால், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவார்கள். "உடம்பு பொய் சொல்லாது, பெரியம்மா. காத்திருக்கும்" என்றாள். அவளும் காத்திருந்தாள்.

ஏழாவது வருஷம் அறுவைத் துறையின் வகுப்பறையில் போட்டார்கள். மின்னலின் இடம். "உன்னைப் பார்த்ததும் என்ன சொன்னான்?" என்று கேட்டேன். மரியாதை எல்லாம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

"ஏம்மா, தண்ணி வைன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். என்னை அடையாளமே தெரியல."

அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. இவள் வாழ்க்கையைக் கலைத்து, என் பிள்ளையைக் குழியில் இறக்கிவிட்டு, அவருக்கு முகம்கூட நினைவில்லை. பயந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அங்கே ஓர் அலமாரி. பாடத்துக்குக் காட்டுகிற படங்கள். தூசி தட்டும்போது ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கியிருக்கிறாள். மான்கொம்பு மாதிரிக் கல். ஒரு மூலை கத்தரியால் வெட்டியிருக்கிறது. கீழே பெயர் இருந்த இடம் சுரண்டியிருக்கிறது. இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் ஊசி முனை மாதிரி வெள்ளையாய் ஒரு துணுக்கு. ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"பெரியம்மா, உங்க மகன் உடம்புல எங்கயாவது இரும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பதினாறு வயசுல பலகை மேல விழுந்து ஆணி முனை உடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. எடுக்க வேண்டாம்னுட்டாங்க. ஆணி தீர்ந்துபோச்சுன்னு பட்டறையில சொன்னா, என்கிட்ட ஒண்ணு ஸ்டாக் இருக்குன்னு பின்னால தட்டிக் காட்டுவான்."

"எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கைப் பக்கம், பின்னிடுப்புல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தொலைந்ததாகச் சொன்ன படம். தொலைக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்படி ஒரு அழகான கல் மறுபடி கிடைக்காது என்று பாடத்துக்கு வைத்துக்கொண்டார். எழுத்தை மட்டும் வெட்டிவிட்டார்.

"எடுத்துட்டு வந்துடு. பேப்பர்காரன்கிட்ட குடுப்போம்" என்றேன்.

"கையில குடுத்தா மறுபடியும் தொலையும், பெரியம்மா. கண்ணு முன்னால மாட்டணும்."

இரண்டு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் படத்தை வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள். புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் நடக்கிற கூட்டத்தில். மருத்துவம் என்றால் என்ன, எத்தனை துறை என்று அறிமுகம் சொல்லும் கூட்டம். எல்லாத் துறைத் தலைவர்களும் முன்வரிசையில் இருப்பார்கள். பேசுகிறவர் மின்னல். படத்தை உதவியாள் யாராவது மாட்டுவார்கள். "அது யார் படம், எந்தப் பக்கம்னு அவருக்கு நினைவே இல்லை. ஓரக்கண்ணால ஒரு வீச்சு, மாட்டினபடி சொல்லிடுறார். பிள்ளைங்க முகத்தைத்தான் பார்க்கிறார், சிரிக்கிறாங்களான்னு. குச்சி மட்டும் பின்னால போகும்" என்றாள். அவர் பேசுவது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எழுத்து இல்லாத படத்தைக் காட்டி, எந்தப் பக்கம் என்று தெரியாதவன் வைத்தியனே இல்லை, ஈரலைப் பார், இரைப்பைக் காற்றைப் பார் என்று வருஷா வருஷம் சொல்லுவாராம். எங்கள் வயிறு எரிந்ததா, கேட்காதீர்கள். விசாரணையில் எழுத்து, வகுப்பில் எழுத்தே வேண்டாம்.

மூன்றாவது வருஷம், போன மாதம், படத்தை மாட்டியது அவள். திருப்பி மாட்டினாள்.

குழி வெட்டினாள் என்று நீங்கள் சொல்லலாம். ஆமாம், குழிதான். கண்ணைத் திறந்து நடப்பவர் விழமாட்டார்.

என்னைப் பின்கதவுப் பக்கம், வாளிகள் வைக்கிற இடத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தாள். நூறு பிள்ளைகள் இருக்கும். வெள்ளைக் கோட்டு புதுசு, மடிப்புக் கலையாமல். மின்னல் நன்றாகத்தான் பேசினார். முன்வரிசையில் ஒவ்வொருவரையும் எழுப்பி, இவர்கள் உடம்பின் வரைபடம் தருவார்கள், இவர்கள் அது ஓடும் விதம் சொல்வார்கள், இவர்கள் கிருமியைப் பிடிப்பார்கள் என்று கைகாட்டினார். "மத்தவங்க எல்லாம் யோசிப்பாங்க. நாங்க முடிப்போம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஓரக்கண்ணால் ஒரு வீச்சு, குச்சியைப் பின்னால் நீட்டினார்.

"இதோ, எழுத்தே இல்லாத படம். ஆனா பார்த்த உடனே எனக்குத் தெரியும். வலது சிறுநீரகம். மான்கொம்புக் கல்."

உடற்கூறியல் அம்மாள் தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள்.

அப்போதுதான் தண்ணீர் ஜக்கை மேசையில் வைத்துவிட்டு இவள் நிமிர்ந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம். கேக்கலாங்களா?"

அவருக்கு விளையாட்டாக இருந்தது. "கேளும்மா. பாருங்க, இங்க தண்ணி வைக்கிறவங்களுக்கும் படிப்பு ஏறுது."

"இரைப்பைக் காத்து எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது."

"படத்துல எந்தப் பக்கம் இருக்குங்க?"

அவர் திரும்பினார். அந்த முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு முதுகுதான், ஆனால் அதில் எல்லாம் தெரிந்தது. பிள்ளைகளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"யார் இதைத் திருப்பி மாட்டினது?" என்றார்.

"நான்தான். பார்க்காமச் சொன்னது நீங்க."

இப்போது அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்பது வருஷம் கழித்து முதல் தடவையாக. யார் என்று தெரிந்துவிட்டது.

அவள் படத்தைக் கழற்றிச் சரியான பக்கமாக மாட்டினாள். குரல் ஏறவே இல்லை. "இது ஒரு தச்சரோட படம். நான் கழுவின படம். இதோ இடுப்புல ஆணித் துணுக்கு. அவரைப் பெத்தவங்க அங்க உட்கார்ந்திருக்காங்க, எந்தப் பக்கம்னு கேளுங்க. கல்லு இடதுல. எடுத்தது வலது. எழுத்தை நான் மாத்தி ஒட்டிட்டேன்னு எழுதி வச்சிருக்காங்க. எழுத்து எங்க?"

விரலைப் படத்தின் வெட்டிய மூலையில் வைத்தாள்.

"வெட்டிட்டாங்க. நாலு மூலையில ஒண்ணுதான் வெட்டியிருக்கு. அது ஈரல் பக்கத்து மூலை. வலது. என் எழுத்து நின்ன இடம் அதுதான். இல்லேன்னா அந்த மூலையை எதுக்கு வெட்டணும்?"

நான் எழுந்து நின்றேன். "சோத்தாங்கைப் பக்கந்தான்யா ஆணி. நான் பெத்தவ" என்றேன்.

மின்னல் வாயைத் திறந்தார். "எழுத்து இல்லாதப்போ எப்படி..." என்று தொடங்கினார்.

"எழுத்து எதுக்கு? உடனே தெரியும்னு இப்போ நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் உடற்கூறியல் அம்மாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் பார்த்தீங்களா?"

அவர் குச்சியை மேசைமேல் வைத்தார். அது உருண்டு விழுந்தது. நூறு பிள்ளைகள் இருந்த அறையில் அந்தச் சத்தம் கேட்டது.

"அன்னைக்கும் அவசரந்தான்" என்றார்.

மூன்று நிமிஷம் முன்னால் சிரித்த வாயிலிருந்து வந்தது. எனக்கு அது போதுமா என்றால், போதாது. ஆனால் வந்தது. அவர் வாயால், நாலு பேர் முன்னால் இல்லை, நூறு பேர் முன்னால். திட்டினாள் என்கிறார்களே, ஒரு கெட்ட வார்த்தை அவள் வாயில் வரவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களாம். அவள் ஜக்கை எடுத்து, தம்ளரை நிரப்பி, அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் போனாள்.

வழக்கை மறுபடி திறந்திருக்கிறார்கள். அது முடிகிற வரைக்கும் அவர் கத்தியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மின்னல் என்ற பெயர் ஒரே வாரத்தில் போய்விட்டது. பிள்ளைகள் இப்போது திருப்பிமாட்டி என்கிறார்களாம். அவர் நடந்துபோகும்போது பின்னால் சிரிப்பு வருகிறதாம். எனக்குச் சந்தோஷம். மறைக்கவா போகிறேன்?

பத்து நாள் கழித்து அவளுக்கு ஒரு காகிதம் வந்தது. குற்றம் இல்லை, மறுபடியும் எக்ஸ்ரே அறைக்கு வரலாம் என்று. அதை வாங்க மாடியில் மேலாளர் அறைக்குப் போனாள். நானும் கூடப்போனேன். அங்கே அவர் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லாமல் சட்டையோடு. சட்டையோடு பார்த்தால் யாரோ ஒரு ஆள்.

"மன்னிச்சிடும்மா" என்றார். எங்கள் இருவரையும் பார்த்துத்தான் சொன்னார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள், "ஒன்பது வருஷமா இங்க ஒவ்வொரு டிபார்ட்மென்டாப் பெருக்கிட்டேங்க. மன்னிக்கிறதுக்குன்னு ஒரு அறை எங்கயும் பார்க்கல" என்றாள்.

மேலாளர் இருமினார். இங்கிலீஷில் இருந்த காகிதத்தை அவள் முழுக்கப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். குற்றம் இல்லை என்ற வரியை இரண்டு தடவை கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, அதே மேசையில், வேலையை விடுகிறேன் என்று தமிழில் தன் கையால் எழுதிக் கொடுத்தாள்.

"ஏம்மா, எல்லாம் சரியாயிடுச்சே. இப்போ எதுக்கு?" என்றார் மேலாளர்.

"சரியாகிற வரைக்கும்தான் இருந்தேன்."

காலை பத்து மணி. நோயாளிகள் சீட்டோடு கும்பல் கும்பலாக உள்ளே வருகிற நேரம். வேலையாட்களுக்குப் பின்பக்கம் ஒரு வழி உண்டு. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. முன்வாசலுக்கு நடந்தாள். வெளியே போகும் வேலையாட்களின் பையைப் பார்ப்பது வாசல்காரர் வேலை. அவர் இவளை ஒன்பது வருஷமாகத் துடைப்பத்தோடு பார்த்தவர்.

"பையைக் காட்டும்மா. எல்லாருக்கும் உள்ளதுதான்."

திறந்து காட்டினாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு துண்டு.

"வேற ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சுண்ணே, ஒரு பழி. அதுக்கு உரியவர்கிட்ட மாடியில குடுத்துட்டு வந்துட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் படியிறங்கி, உள்ளே வருகிற கூட்டத்துக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு, தெருவுக்குப் போனாள்.